வசந்தா அக்காவின் கையெழுத்து

தறியில் உட்கார்ந்தால் எழாத, படுத்தால் எழவே எழாத என் சோம்பேறி அண்ணாவுக்கு,

பழைய கிண்டல்தான். எழுதிய பிறகுதான் சுருக்கென்றது. அடித்து அழிக்கவில்லை, இருக்கட்டும்.

பிள்ளையார்பாளையத்தில் மறுபடி மழை. போர்வெல் தண்ணீரில் பட்டுச் சாயம் மங்கும் என்று மழைத்தண்ணீரை நீல டிரம்மில் வாரக்கணக்கில் தேக்குவாயே, அது இப்போது கவிழ்ந்து கிடக்கிறது.

கொசுப்புழு பார்க்க மாநகராட்சியிலிருந்து வருகிறவர்கள் அதில் மருந்து ஊற்றினால் சாயம் கெடும் என்று பயந்தாய். வருவது இரண்டு பேர், எதிர் வரிசையில் தொடங்கும் வசந்தா அக்காவும் நம் வரிசையில் தொடங்கும் இன்னொருவரும். ஒருவர் பார்த்துச் சுவரில் தேதியும் கையெழுத்தும் போட்ட வீட்டுக்கு மற்றவர் போக மாட்டார். அவர்கள் தெருமுனையில் நிற்கும்போதே வசந்தா அக்காவின் கையெழுத்தை நான் சாக்பீஸால் போட்டுவிடுவேன். "கில்லாடி நீ" என்றாய். மூன்று வாரம் நீ தறி ஓட்டினாய், நான் புளுகு ஓட்டினேன்.

நான்காம் வாரம் உனக்குக் காய்ச்சல். "நாளைக்கி பொடவய தறிலேர்ந்து அறுக்கணும்மா, அறுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாய். அந்தப் புடவை இன்னும் தறியிலேயே இருக்கிறது.

டெங்கு என்றார்கள். நீ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. அக்கம்பக்கத்தில் யாருக்குக் காய்ச்சல் என்று வீடுவீடாகக் கேட்டார்கள், புகை அடித்தார்கள், நம் டிரம்மைத் திறந்தார்கள். புழு நெளிந்தது. உன்னைக் கடித்தது இதில் பிறந்ததுதானா? யாராலும் சொல்ல முடியாதாம்.

அம்மா சுவரைக் காட்டி அழுதாள். உள்ளே வராமலே கையெழுத்துப் போட்டாள் என்று தெருவே வசந்தா அக்காவைத் திட்டியது. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பத்து நாள் நான் வாயைத் திறக்கவில்லை. நானா? வாயாடியா?

நேற்று சுகாதார ஆய்வாளர் வந்தபோது சாக்பீஸை எடுத்து, அவர் கண்ணெதிரே அதே கையெழுத்தைப் போட்டுக் காட்டினேன். அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. பேசுவாளா, அண்ணா?

இன்று வசந்தா அக்கா வேலைக்கு வந்தார். சுவரைப் பார்த்தார்.

"என்னவிட நல்லாத்தான் போட்டுக்கினு இருந்திருக்கற. போய் டிரம்ம கவுத்து, மறுபடி மழத்தண்ணி நிக்குது."

கவிழ்த்தேன். இனி வாராவாரம் நானே கவிழ்த்து, தேய்த்து, காயவைப்பேன். அவர்கள் வரும் நாளில் கதவைத் திறந்து வைத்து, நானே முன்னால் நிற்பேன். சத்தியம்.

உன் கையெழுத்தை மட்டும் ஒருநாளும் போட்டுப் பார்க்காத தங்கை,
கயல்