மலையைத் தொலைச்ச ஆராய்ச்சி

ரேணுகாம்பாளுக்கு மணிவேல் எழுதறது. நான் நல்லாருக்கேன். உன் முட்டிவலியும் சினைமாடும் எப்படியிருக்குது?

மல்லாட்ட விதைக்கலாமான்னு கேட்டியே, நான் டீ குடுக்குற யுனிவர்சிட்டியில மழை ஆராய்ச்சி வேலைக்குப் புதுசா வந்தவருகிட்ட கேட்டேன். அடுத்த வாரம் மழை வருமான்னு தெரியாதாம், அம்பது வருசம் கழிச்சு வர்ற மழைதான் தெரியுமாம்! உங்கப்பா மழையே வராதுன்னு நம்ம கல்யாணத்துக்கு நாள் குறிச்சு, புயல்ல பந்தல் பறந்துதே, அந்த ஜாதிதான். கம்ப்யூட்டர்ல நம்மூரக் காட்டுனாரு. மலையே இல்ல.

"மலை எங்க சார்?"

"ஊர கட்டம்கட்டமா பிரிப்போம்ணே. ஒரு கட்டத்துக்கு ஒரே சராசரி உயரம்தான். கட்டம் பெருசு, மலை மட்டமாயிடுச்சு."

"அப்ப கார்த்திகை தீபத்த உங்க தலையிலயா ஏத்துறது?"

இதுக்குச் சம்பளம் வேற! அவர நம்பாத. மலைமேல மேகம் எறங்குனா விதை.

பால் பொங்குது, முடிச்சுக்கறேன். மலை தெரியறமாரி ஒரு போட்டோ அனுப்பு, அந்தாளுக்குக் காட்டணும். ஓரமா நீயும் நில்லு.