மஞ்சு எண்ணிய றெக்கை

10-2-2006, வெள்ளி

காலையில் பனி, எட்டு மணிக்கே வெயில். இன்று உப்பு வாரவில்லை. வாரி வைத்ததில் செத்த பூச்சி பொறுக்கும் வேலை. கறுப்பாக ஒன்று தெரிந்தாலும் மேஸ்திரி கத்துவார்.

ஒரு தேனீ கிடைத்தது, உப்பேறி விறைத்து. மஞ்சு இருந்தால் பிடுங்கித் தன் தீப்பெட்டியில் போட்டுக்கொள்வாள். காய்ச்சலில் என் பெண் போய் மூன்று மாதம். தீப்பெட்டி சாமி படத்துக்குப் பின்னால் அப்படியே. நானே உள்ளே போட்டேன்.

11-2, சனி

வாங்கியது: புளி, சோப்பு, கொசுவத்தி. டப்பாப் படத்தில் இருப்பது கொசுவே இல்லை. கால் மட்டும் நீளம், உறிஞ்சும் ஊசியைக் காணோம். கொசுவைத் தெரியாதவன் கொசுவுக்கு மருந்து செய்கிறான். அவள் படுத்திருந்தபோது இதைத்தான் தினமும் கொளுத்தினேன்.

தேன் பாட்டிலும் ஒன்று. தேனுக்காக இல்லை, படத்துக்காக. பள்ளிக்கூடத்து அட்டையில் இருக்கும் அதே படம். பரீட்சையில் அதற்குக் கீழே 'ஈ' என்று எழுதி மஞ்சு தப்பு வாங்கினாள்.

"ஈக்கு ரெண்டு றெக்கை, தேனீக்கு நாலும்மா."

"அச்சடிச்சவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடிச்சா?" என்று அறைந்தேன். அஞ்சாவது வரைக்கும் நான் படித்த திமிர்.

12-2, ஞாயிறு

பாட்டில் படத்தில் றெக்கை விரித்திருக்கிறது. இரண்டே. தீப்பெட்டித் தேனீயை ஊசியால் நெம்பினேன். றெக்கைக்கு அடியில் இன்னொரு றெக்கை, ஒட்டிக்கிடந்தது. நாலு. மூன்று தடவை எண்ணினேன்.

பக்கத்து வீட்டு அஞ்சலை எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, செத்த பூச்சிக்குப் பேன் பாக்குற?" ஊர் முழுக்கச் சொல்லுவாள்.

13-2, திங்கள்

அரை நாள் லீவு. பள்ளிக்கூடம். தீப்பெட்டி, ஊசி, பரீட்சைத் தாள்.

"அட்டையில தேனீன்னுதான போட்டிருக்குது அக்கா" என்றார் டீச்சர்.

"போட்டிருக்குதுங்க. நீங்க எண்ணிப் பாத்தீங்களா?"

என் முகத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்துத் தாளில் டிக் போட்டுவிட்டார், பெட்டியைத் திறக்காமலே.

"பாவம்னு போட்டீங்களா, எண்ணிட்டுப் போட்டீங்களா டீச்சர்?"

தீப்பெட்டியையும் ஊசியையும் அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். வேண்டுமென்றுதான்.

14-2

மேகம். குழம்பு அடிப்பிடித்தது. பள்ளிக்கூடத்துப் பக்கம் புகை, குப்பை எரிக்கிறார்கள். அதில் தீப்பெட்டியும் போயிருக்குமோ. கொடுத்திருக்கக் கூடாது.

15-2, புதன்

உப்புப் பாத்திக்கு நேர்வழி இருந்தும் பள்ளிக்கூடத்து ஜன்னல் பக்கமாகப் போனேன். தலையில் முக்காடு, யாரும் கூப்பிடாமல் இருக்க.

உள்ளே டீச்சர் குரல். "பொட்டியில இருக்கிறதுக்கு நாலு பாத்தாச்சு. இப்ப அட்டையைப் பாத்து எண்ணுங்க."

பிள்ளைகள் சேர்ந்து: "ஒண்ணு. ரெண்டு."

நின்றேன். மூன்று வரவில்லை.