சித்திரை மாதத்து நிழல்

திண்டிவனம்,
மாசி 9.

தம்பி ஆனந்தராஜுக்கு, அக்கா கிருஷ்ணவேணி ஆசி கூறி எழுதுவது. நீயும் பவானியும் பிள்ளைகளும் பெங்களூரில் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்பாய். அதனால்தான் தபால்.

நிழலில் வளரும் செடிகள் என்று பதினெட்டு போட்டோ அனுப்பி, வேண்டியதைச் சொல்லச் சொல்லியிருந்தாய். நர்சரி வைத்திருக்கும் ஜெசிந்தாவிடம் காட்டினேன். வெற்றிலைக்கொடி, மஞ்சள், சேப்பங்கிழங்கு வருமாம். "மல்லிய மறந்துடுக்கா, வெயில் இல்லாம மொட்டு வைக்காது" என்றாள்.

எப்படி மறப்பது? உன் மாமா போனபிறகு எனக்குச் சோறு போட்டது அந்த இருபத்தாறு குண்டுமல்லிச் செடிதான். மார்கழியில் வழக்கம்போல் கிளைகளை வெட்டிக் கவாத்து பண்ணினேன். தை முழுக்க ஒரு துளிர் இல்லை. இப்போது வேர் அழுகுகிறது. பூக்கடை பச்சைமுத்து வேறு ஆளிடம் பூ வாங்க ஆரம்பித்துவிட்டார்.

முன்மனையில் நீ மாடி கட்டப் போகிறேன் என்றபோது, என் தோட்டத்துக்கு வெயில் போய்விடுமே என்று முதலில் தடுத்தவள் நான். அன்று, சித்திரை மாதம், உச்சி வெயிலில், மூங்கிலோடு மூங்கிலைக் கட்டி மாடி உயரத்துக்கு நிறுத்திக் காட்டினாய். நிழல் மூங்கிலின் காலடியிலேயே கிடந்தது. "பாத்துக்கினியாக்கா? உன் செடிக்கு ஒரு பேஜாரும் வராது" என்றாய். என் கண்ணால் பார்த்தேனே, அதற்கு மேல் என்ன வேண்டும்? அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டிய பூஜைக்கு என் செடியில் பறித்த பூவைத்தான் குழியில் போட்டோம்.

ஜெசிந்தா ஒன்றுதான் கேட்டாள்: மாடி எந்தப் பக்கம்? தெற்கே என்றேன். "சித்திரையில வெயில் தலைக்கு மேல நிக்கும்க்கா, நிழல் விழாது. தையில தெற்கால சாஞ்சிக்கினு போவும். அப்ப மொத்த நிழலும் உன் மேலதான்" என்றாள். பத்தாவது தாண்டாதவள் அவள். எனக்குத் தெரியவில்லை, நான் முட்டாள். நீ இன்ஜினியர். இருபது வருஷமாக ஊராருக்கு வீடு கட்டுகிறவன். மூங்கில் நட உனக்கு வேறு மாதமே கிடைக்கவில்லையா? ஜெசிந்தா சொன்னதிலிருந்து இதே நினைப்புதான்.

செடி எதுவும் அனுப்பாதே. இங்கேயே வெற்றிலைக்கொடி வாங்கி வைத்துக்கொள்கிறேன். ஏறுவதற்கு உன் சுவர் இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த தை மாதம் ஒருநாள் மத்தியானம் வா. அந்த மூங்கில் நின்ற இடத்திலிருந்து என் கிணற்றடி வரைக்கும் நிழலிலேயே நடந்து பார். பிறகு என் முகத்தைப் பார்த்து, தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல். பொய்யாக இருந்தாலும் நம்பிக்கொள்கிறேன், தம்பி. எனக்கென்று பிறந்த வீட்டில் இருப்பது நீ ஒருவன்தான்.

திருவக்கரை அம்மன் உன்னையும் பிள்ளைகளையும் நல்லபடி வைத்திருக்கட்டும்.

உன் அக்கா,
கிருஷ்ணவேணி