மரியாதைக்கு வைத்த வெடி

ஹோல்கேட், யார்க்
7 செப்டம்பர் 1964

அன்புத் தம்பி கிளிஃபர்டுக்கு,

இங்கு நலம். நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். இரண்டு தெரு தள்ளியிருக்கும் தம்பிக்குத் தபால்தலை ஒட்டுகிறேன். என் வாசலை மிதிக்க உனக்கு மனசில்லை, என்ன செய்ய.

வெள்ளிக்கிழமை உன் அத்தான் ஹெரால்ட் ஸ்கார்பரோ வண்டியைக் கடைசியாக ஓட்டி வருகிறார். அதோடு ஓய்வு. மூடுபனி நாளில் டிரைவரை எச்சரித்து நிறுத்தத் தண்டவாளத்தில் வெடி வைப்பீர்களே, ஓய்வு பெறுகிறவருக்கு அதையே மரியாதையாக வைப்பதுதானே நம் ஸ்டேஷன் வழக்கம்? அவருக்கும் வையுங்கள். ஒன்பது வருஷம் முன்பு வேலைநிறுத்தத்தில் அவர் வண்டி ஓட்டியது தப்புதான், நான் வாதாட வரவில்லை. அன்றிலிருந்து உங்களில் ஒருத்தர்கூட அவரோடு பேசவில்லை. அவர் தொட்ட கெட்டிலைக்கூடக் கழுவி வைக்கிறீர்களாம். இன்னும் போதாதா?

உன் அக்கா,
மேவிஸ்


9 செப்டம்பர்

அக்காவுக்கு,

அடுப்பெரிக்க நாங்கள் நாற்காலியை உடைத்த வாரத்தில் உன் வீட்டில் ஆட்டுக்கறி வெந்தது. என் பிள்ளைகள் அந்த வாசனையை இன்னும் சொல்கிறார்கள்.

ஆட்களிடம் கேட்டேன். "வெடி வேணும்னா வச்சுக்க கிளிஃப். அந்தாளோட பேசச் சொல்லாத" என்றார்கள். நானும் பேச மாட்டேன். உன் முகத்துக்காக மூன்று வெடி என் கையாலேயே வைக்கிறேன். அவரிடம் முன்கூட்டிச் சொல்லாதே. சொல்லிவிட்டு வெடிப்பது நம் வழக்கமில்லை.

கிளிஃபர்ட்


12 செப்டம்பர்

கிளிஃபர்டுக்கு,

நேற்று நானும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தேன். வெடி வெடித்ததும் அவர் வண்டியை நடைமேடைக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். இறங்கி, யார் விழுந்து கிடக்கிறார்களோ என்று மண்டியிட்டுச் சக்கரங்களுக்கு அடியில் தேடினார். அது தனக்கு வைத்த மரியாதை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எஞ்சினில் கரி அள்ளிப் போடக் கூட வந்த ஃபயர்மேன் வாயைத் திறக்கவில்லை. கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து நான் கத்தியது நீராவிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. நீ பக்கத்தில்தான் நின்றாய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. "அத்தான், இது உங்களுக்குத்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் உன் நாக்கு அழுகியா போயிருக்கும்? உன் பின்னால் யாரோ ஒருத்தன் சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும், அது அவருக்காக நீ வைத்த வெடி என்று சொன்னேன். "கிளிஃப் எனக்கு வைக்க மாட்டான், மேவிஸ். வேற யாரோ ரிட்டயர் ஆகிறாங்க. பாவம், அவங்க வெடியில நான் ஏறிட்டேன்" என்றார். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. வண்டி தாமதமானதற்கு ஸ்டேஷன் மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்கக் காலையிலேயே கிளம்பிப் போயிருக்கிறார்.

நீ ஒன்றும் செய்யாமலே இருந்திருக்கலாம். உன்னிடம் போய்க் கேட்டேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

இதற்குப் பதில் போட வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இருப்பது உனக்குச் சிரமமில்லையே.

திருமதி ஹெரால்ட் டாட்ஸ்வொர்த்