கோல் காப்பாளருக்கு இருபது நிமிடம்

அனுப்புநர்:
திருமதி தர்ஷன் பிரேமினி,
இல. 7, மூன்றாம் லயம், கீழ்ப்பிரிவு,
செம்பகமலைத் தோட்டம்,
கொட்டகலை.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
தேசிய மகளிர் கைப்பந்து அணித் தெரிவுக்குழு,
கொழும்பு.

விடயம்: வதிவிடப் பயிற்சி முகாமுக்கான பட்டியலிலிருந்து என் பெயர் நீக்கப்பட்டமை – உண்மையை அறிவித்தலும் மீள்பரிசீலனை கோரலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். இரவு பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருக்கிறது. பிள்ளை இப்போதுதான் தூங்கினாள். எழுத்து எங்கேயாவது கோணலாகப் போயிருந்தால் அது அவசரத்தால்தான், அலட்சியத்தால் இல்லை.

தங்களுடைய 03.06.2025 திகதியக் கடிதம் இன்றைக்குத்தான் என் கைக்கு வந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கு வரும். அங்கிருந்து காலைப் பெரட்டில், வேலைக்கு ஆட்களைப் பிரிக்கும்போது, பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். நான் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியை. பெரட்டுக்குப் போவதில்லை. என் பெயரை எத்தனை நாள் கூப்பிட்டார்களோ தெரியாது. இன்று காலை என் கணவரின் அக்கா, கடித உறையில் என் பெயரைப் பார்த்து வாங்கி வந்தார். பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்குப்படி இன்னும் ஐந்து நாள்தான். விடிந்ததும் முதல் பஸ்ஸில் என் கணவர் தர்ஷன் இதை ஹட்டனுக்குக் கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் போடுவார்.

தங்கள் கடிதம் சிங்களத்தில் இருந்தது. வாசித்து விளங்கிக்கொண்டேன், சிங்களத்தில் பதில் எழுதவும் எனக்குத் தெரியும். ஆனால் மன்னிப்பைச் சொந்த மொழியில் கேட்டால்தான் கேட்டது போல இருக்கிறது. மொழிபெயர்ப்பவர் நான் ஒப்புக்கொள்ளும் எதையும் தணித்து எழுத வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. நேபாளத்தில் நடைபெறவுள்ள நாடுகளுக்கிடையிலான மகளிர் கைப்பந்துச் சுற்றுப்போட்டிக்கான முகாமுக்கு, கோல் காப்பாளராக நான் தெரிவுசெய்யப்பட்டிருந்தேன். கல்வியியற் கல்லூரியில் படிக்கும்போதுதான் இந்த விளையாட்டைப் பழகினேன். எங்கள் பக்கத்தில் கைப்பந்து என்றால் இன்றைக்கும் வலைக்கு மேலே அடிக்கும் கரப்பந்தா என்றுதான் கேட்பார்கள். தேசிய அணிக்கு என்று எங்கள் தோட்டத்திலிருந்து யாரும் போனதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எப்படிப் போவது, போகும் இடத்தில் எதைச் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஆள் இருக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

2. கடந்த பெப்ரவரி 22ஆம் திகதி கண்டியில் நடந்த தெரிவுப் போட்டிக்கு நான் வந்தபோது, என் மகள் கேஷிகாவுக்கு நான்கு மாதம். அவளைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தவர் கணவரின் அக்கா ஜீவராணி. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அதே லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறார். தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். திருமணமாகிப் பதினோரு வருடம், பிள்ளை இல்லை.

3. அன்று எனக்கு எதிராக ஏழு மீற்றர் தண்டனை எறிகள் பத்து எறியப்பட்டன. நான்கைத் தடுத்தேன். அது தங்கள் குறிப்பில் இருக்கும். தங்கள் குறிப்பில் இல்லாதது, ஐந்தாம் எறிக்கும் ஆறாம் எறிக்கும் இடையில் பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே என் பிள்ளை அழுதது. அந்த அழுகை கேட்டதும் ஜேர்சிக்குள்ளே பால் இறங்கிவிட்டது. பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பந்தைத் திருப்பிக் கொடு என்று நடுவர் இரண்டு தடவை சொன்னார்.

4. போட்டி முடிந்ததும் விபரப் படிவத்தோடு ஓர் உத்தியோகத்தர் அம்மா வந்தார். படிக்கட்டடியில் பிள்ளையோடு இருந்த அண்ணியிடம், யாருடைய பிள்ளை என்று சிங்களத்தில் கேட்டார். அண்ணி உடனே, "எம் புள்ளதாங்க நோனா" என்றுவிட்டார். அந்த அம்மா பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, யார் சாயல் என்று கேட்டார். "அவங்க அப்பா சாயல்" என்றார் அண்ணி. அந்த ஒரு பதில் மட்டும் பொய் இல்லை.

பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பி, படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்ற இடத்தில் பேனாவை வைத்து, உங்களுக்கு இல்லைத்தானே என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. 'இல்லை' என்று எழுதினார். அதற்குக் கீழே கையொப்பம் இட்டவள் நான். எழுதியதைப் பார்த்துக்கொண்டுதான் இட்டேன். ஆகவே பிழையான தகவல் தந்தது யார் என்று தாங்கள் கேட்டால், அண்ணி அல்ல, நான்.

5. திரும்பி வரும்போது பஸ் கினிகத்தேனையைத் தாண்டியபின், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அண்ணியிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வெளிநாட்டு ஃபோர்ம்ல சின்னப் புள்ள இருக்குன்னு சொன்னா கிழிச்சிப் போட்ருவாங்க பிரேமி. நம்ம லயத்துல எத்தன பேருக்குக் கிழிச்சாங்க. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

ஐயா, இது வேறு எங்கேயும் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். எங்கள் லயத்தில் அப்படி இல்லை. சிறு பிள்ளை உள்ள தாய்மாரை வீட்டு வேலைக்கு வெளிநாடு அனுப்புவதில்லை என்று ஒரு காலத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் லயத்துப் பெண்கள் பிள்ளையை அக்கா பிள்ளை என்றார்கள், தங்கச்சி பிள்ளை என்றார்கள். பெயர் கேட்க வருகிறவர்களுக்கு முன்னால் பிள்ளை அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று பழக்கினார்கள். இது விளையாட்டு, இது வேறு படிவம் என்று அண்ணிக்கு நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தோன்றவில்லை. என் மனதிலேயே அந்தப் பயம் இருந்தது என்பதுதான் உண்மை. இல்லாவிட்டால் படித்த நான் ஏன் பேசாமல் நின்றேன்.

6. மே 24ஆம் திகதி மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் கேட்டபோது பால் கொடுக்கிறேன் என்று நானாகவே சொன்னேன். அதற்கு மேலும் மறைக்க என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கினால் அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இல்லை என்று எழுதிய பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

7. தங்கள் கடிதத்தில் இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று, பிழையான தகவல். அதற்கு மேலே எழுதியதுதான் என் விளக்கம். தரும் தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன். எச்சரிக்கை எழுதி என் கோப்பில் வையுங்கள். இரண்டாவது காரணம், கைக்குழந்தை உள்ள வீராங்கனைக்கு முகாமில் வசதி இல்லை என்பது. இதைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. அதிகப்பிரசங்கம் என்று நினைத்துவிடாதீர்கள்.

8. எங்கள் தோட்டத்தில் பிள்ளை மடுவம் இருக்கிறது. தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பத்து மணிக்குப் பால் நேரம். கைக்குழந்தை உள்ளவர்கள் கூடையைத் தங்கள் தேயிலை நிரையில் அப்படியே வைத்துவிட்டு மடுவத்துக்கு இறங்கி வருவார்கள். வேலையை மேற்பார்க்கும் கங்காணியும் கண்டாக்கும் ஒன்றும் சொல்வதில்லை. அவர்கள் திரும்பும் வரை பக்கத்து நிரைக்காரி தன் நிரையோடு அந்த நிரையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவாள். அதில் எடுத்த கொழுந்தைப் பால் கொடுக்கப் போனவளுடைய கூடையிலேயே போட்டுவிடுவாள். இப்படிச் செய் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. செய்யாமல் விட்டவளை நான் கண்டதும் இல்லை.

பதினோரு வருடமாக, பால் நேரத்தில் இறங்கிப் போக அண்ணிக்கு ஒரு காரணம் இருக்கவில்லை. ஆகவே எப்போதும் மற்றவர்களின் நிரையை எடுத்தவர் அவர்தான். நான் மீண்டும் பாடசாலைக்குப் போகத் தொடங்கியபின் கேஷிகாவையும் மடுவத்தில் விடுகிறேன். பத்து மணிக்கு என்னால் வர முடியாது. நான் எடுத்துவைத்துவிட்டுப் போகும் பாலைக் கிண்ணத்தில் கொடுக்க அண்ணி இறங்கி வருகிறார். இப்போது அவருடைய நிரையை மற்றவர்கள் எடுக்கிறார்கள். முதல் நாள் மலைக்குத் திரும்பிப் போய்க் கூடையைப் பார்த்தாராம், பாதிக்கு மேல் நிறைந்திருந்ததாம். அன்றைக்கு இரவு அதை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

ஐயா, நான் கேட்பது இந்தப் பால் நேரத்தைத்தான்.

9. முகாமுக்குக் கிட்ட, வத்தளையில் அண்ணியின் சிற்றம்மை லெட்சுமி இருக்கிறார். முகாம் நடக்கும் நான்கு வாரமும் அண்ணி வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பிள்ளையோடு அங்கே தங்குவார். தங்குமிடம், சாப்பாடு எதுவும் முகாமின் பொறுப்பு இல்லை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பிள்ளையை வாசல் வரை கொண்டுவருவார். ஒவ்வொரு தடவைக்கும் இருபது நிமிடமும், கதவு சாத்தக்கூடிய ஓர் இடமும் போதும். சாமான் வைக்கும் அறையாக இருந்தாலும் சரி. இரவுக்குப் பால் எடுத்துக் கொடுத்துவிடுவேன். கைப்பந்தில் கோல் காப்பாளரை எந்த நேரமும் மாற்றலாம், நேரம் நிறுத்தத் தேவையில்லை என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த இருபது நிமிடம் மற்றக் கோல் காப்பாளர் நிற்கட்டும். அவருக்குத் தேவைப்படும்போது நான் இரண்டு மடங்கு நிற்பேன். எனக்குப் பதிலாக யாரையாவது சேர்த்திருந்தால் அவரை வெளியே அனுப்பிவிட்டு என்னை எடுக்கச் சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்தில் நிற்க இடம் கேட்கிறேன்.

10. சுற்றுப்போட்டி நடக்கும் ஒன்பது நாளுக்கும் பிள்ளையை நேபாளத்துக்குக் கொண்டுபோகக் கேட்கவில்லை. அப்போது அவளுக்கு ஒன்பது மாதம் முடிந்திருக்கும். இப்போதே சோறும் பூசணிக்காயும் மசித்துக் கொடுத்தால் சாப்பிடுகிறாள். ஆனாலும் ஒன்பது நாள் என்று எழுதும்போது கை நின்றுவிடுகிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பழக்கிப் பார்ப்போம் என்று போன மாதம் ஒரு நாள் முழுக்க நான் ஹட்டனில் இருந்தேன். காலையிலிருந்து அவள் கிண்ணத்தைத் தொடவில்லையாம். மடுவத்தில் தினமும் குடிக்கிறவள்தான். பாடசாலை இல்லாத நாளில் நான் எங்கே என்று தேடியிருக்கிறாள். கடைசியில் அண்ணி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் பதினாறாம் இலக்க ஜேர்சியை எடுத்துச் சேலைக்கு மேலேயே போட்டுக்கொண்டு மடியில் வைத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்திருக்கிறாள். பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள், "என்னா ஜீவராணி, நீயும் சிலோன் டீமுல சேந்துட்டியா?" என்று கேலி பண்ணியிருக்கிறார்கள். "நான் ரிசர்வுடி" என்றாராம். மாலையில் நான் வந்து பார்க்கும்போது இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜேர்சியைக் கழற்றவில்லை.

இதைப் போய் உத்தியோகபூர்வக் கடிதத்தில் எழுதுகிறாயா என்று தர்ஷன் கேட்கிறார். என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று தாங்கள் கட்டாயம் யோசிப்பீர்கள். அதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி என்னிடம் இல்லை.

11. இன்று காலை கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அண்ணி கேட்டார். சொன்னேன். அவர் பகல் சாப்பிடவில்லை. பிள்ளையைத் தூக்க வரவும் இல்லை. பொழுது சாய்ந்தபின் வாசலில் வந்து நின்று, "நான் அத்ததான், அம்மா இல்லன்னு எழுது. என் பேரப் போட்டு எழுது. ஒங் கைல பந்து இருக்கப்ப எவளாச்சும் ஒன் நெரயப் புடிக்க வேணாமா, அதான் சொல்லிட்டேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். அவருக்கு என் மேல் வருத்தம் இல்லை. தன் வாயால் என் இடம் போய்விட்டது என்றுதான் வருத்தம். எனக்கு இடம் கிடைக்காமல் போனால் நான் எப்படியோ தேறிவிடுவேன். அடுத்த வருடமும் பந்து இருக்கும். ஆனால் அண்ணி இனிமேல் கேஷிகாவைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் இதை நினைப்பார். அது நடக்கக் கூடாது என்றுதான் தூங்காமல் எழுதுகிறேன்.

ஆகவே, என் பிழைக்குரிய எச்சரிக்கையைத் தந்து, ஜூன் 23ஆம் திகதி தொடங்கும் முகாமில் என்னை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறும், மேலே கேட்ட இருபது நிமிடத்தை அனுமதிக்குமாறும் வேண்டிக்கொள்கிறேன். நேரில் விளக்கம் தேவையென்றால் எந்த நாளும் வருவேன், அண்ணியும் வருவார். பிள்ளையும் வருவாள், இந்தத் தடவை என் கையில். படிவத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருத்தி எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். 'இல்லை' என்று இருந்த இடத்தில், 'தர்ஷன் கேஷிகா, பெண், பிறந்த திகதி 20.10.2024' என்று எழுதியுள்ளேன்.

பதிலைத் தோட்டக் கந்தோருக்கு அனுப்பினால் மறுபடியும் பெரட்டில் தங்கிவிடும். உறையின் பின்புறம் பாடசாலை முகவரியும் தர்ஷனின் தொலைபேசி இலக்கமும் எழுதியிருக்கிறேன். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் தயவுசெய்து சீக்கிரம் பதில் தாருங்கள், ஐயா.

இடம்: கொட்டகலை
திகதி: 12.06.2025

இங்ஙனம்,
பணிவுள்ள,
த. பிரேமினி
(கேஷிகாவின் அம்மா)

மேலே 4ஆம், 5ஆம், 11ஆம் பந்திகளில் என்னைப் பற்றி எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். சரி.

ஜீவராணி
(கேஷிகாவின் அத்தை)