உப்பேறிய ஹார்டு டிஸ்க்

ஆம்பூர்,
சனிக்கிழமை

அன்பு மகள் அக்சாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியில் மக்கர் பண்ணுகிறது. கனடாக் குளிரில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கட்டும். இந்தப் பார்சலில் ஒரு புது டிஸ்க் இருக்கிறது, அது ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நம்மிடம் பன்னிரண்டு வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்துவிட்டுத் தனியாகக் கம்பெனி வைத்தானே ஜெயப்பிரகாஷ், அவன் நம் குதிரைச் சவாரிக் கையுறை பேட்டர்னைத் தன்னுடையது என்று, நம்மிடம் கையுறை வாங்கும் ஜெர்மனிக்காரரிடம் காட்டிவிட்டான். அதோடு விட்டானா, பொன்மலர் அம்மாதான் காப்பி அடித்தார்கள் என்று என் பேரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டும் கொடுத்திருக்கிறான். முதலில் செய்தது யார் என்று வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் ஆர்டர் அவனுக்கு என்று அவர் சொல்லிவிட்டார். அந்த ஆர்டரில் நாற்பது பெண்கள் தைக்கிறார்கள். கம்ப்யூட்டரில் இருந்ததை அவன் போகும்போதே அழித்துவிட்டான், மிச்சம் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றுதான். அதை நான் வைத்திருந்தது எங்கே தெரியுமா, உப்புப் போட்ட பச்சைத்தோல் குடோனில். அந்த வாடைக்குத் திருடன் வரமாட்டான் என்று என் கெட்டிக்காரத்தனம். திருடன் வரவில்லை, உப்புக்காற்று வந்துவிட்டது. சொருகினால் டிக் டிக் என்று சத்தம், ஒரு நிமிஷம் தெரிகிறது, காணாமல் போகிறது. ஃபார்மட் பண்ணவா என்று வேறு கேட்டது. நல்லவேளை, அமுக்கவில்லை. பிடுங்கிக்கொண்டு காட்பாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுகிற ஃபஹீம் கடைக்குப் போனேன். கழற்றிப் பார்த்துவிட்டு, இன்னாம்மா, கருவாட்டுக் கூடையிலயா வச்சிருந்தீங்க, இன்னும் நாலு வாட்டி சொருகியிருந்தா அல்லாகிட்டதான் கேக்கணும் என்றான். டிஸ்கின் அடியில் இருக்கிற பச்சைச் சர்க்யூட் பலகையில் புள்ளியெல்லாம் கறுத்துக் கிடந்தது, பென்சில் ரப்பரால் தேய்த்தான். ஒரு ஃபைலையும் திறக்க விடவில்லை. மொதல்ல முழுசா வேற டிஸ்குக்கு இறக்கணும்மா, அடம் புடிக்கிற இடத்தைத் தாண்டிப் போய்ட்டு கடைசியில வரணும் என்றான். நாமும் தோலில் ஓட்டையை விட்டுத்தானே வெட்டுகிறோம். இரண்டு நாள் ஓடியது, நானும் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

வரைபடம் பாதி போய்விட்டது. ஆனால் ஒரு போட்டோ முழுசாக வந்தது. முதல் சாம்பிளைப் பிடித்துக்கொண்டு ஜெயப்பிரகாஷே சிரிக்கிறான், அதில் கட்டிய அட்டையில் அவன் கையெழுத்திலேயே அம்மா பேட்டர்ன் என்று, ஐந்து வருஷத்துக்கு முந்தின தேதி. எனக்கு அழுகை வரவில்லை அக்சா, பசி வந்தது. நேராகப் போய் பிரியாணி சாப்பிட்டேன். அந்தப் போட்டோவையும் அவன் எழுதிக் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன், ஆர்டர் நமக்கே என்று நேற்றுப் பதில் வந்துவிட்டது. அதோடு நான் நிறுத்தவில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் கையுறை செய்கிற, தோல் விற்கிற எல்லோருக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது, இனி அவனை நம்பி ஒருவரும் தோல் தரமாட்டார்கள். சர்ச்சில் நம் சபை ஐயர் மன்னித்துவிடுங்கள் என்றார். மன்னிக்கிறேன் ஐயரே, முதலில் அவன் ஷட்டரை இறக்கட்டும் என்றேன்.

மீட்டதெல்லாம் இந்தப் புது டிஸ்கில் ஒரு பிரதி இருக்கிறது, இதை உன் பீரோவில் வை, அடுப்படிப் பக்கம் வேண்டாம். கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து நடத்துவாராக. ஒன்று மறந்துவிடாதே. ஜெயப்பிரகாஷ் உனக்குப் போன் பண்ணுவான். அப்பா போன பிறகு தினமும் உன்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதைச் சொல்லி அழுவான். என்னிடமும் அழுதான், பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்கம்மா என்றான். எடுக்காதே. பாவம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் நான் இறங்கிவிடுவேன்.

உன் அம்மா,
பொன்மலர்