எனக்கு மேலே வரும் உன் விளம்பரம்

கூட்டாளி,

இன்று காலையும் போனை எடுத்து ‘நைட்டி மொத்த விலை’ என்று தட்டினேன். பல் விளக்குவதற்கு முன்னால் என் விளம்பரம் எத்தனையாவதாக வருகிறது என்று பார்த்துவிடுவது என் வழக்கம். என்னுடையது இரண்டாவதாக வந்தது. முதலில் உன்னுடையது. உன் கடைப் பெயர், ஸ்ரீவில்லிபுத்தூர், நேரடி உற்பத்தி, இப்போதே அழைக்கவும். உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கி ஒரு பிடி மண் போட்டவர்களில் நானும் ஒருவன். செத்துப் போயும் எனக்கு மேலேதான் நிற்பேன் என்று அடம்பிடித்தால் உன்னை நான் என்ன செய்ய?

முதல் தடவை இப்படிப் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை. நாம் முகம் கொடுத்துப் பேசாமல் கழித்த வருடங்களுக்கு இந்த விளம்பரம்தான் காரணம். நீ என் விளம்பரத்தை வேண்டுமென்றே அமுக்கி அமுக்கி என் காசைக் கரைக்கிறாய் என்று நான் நம்பினேன். நான் உன்னுடையதை அமுக்குகிறேன் என்று நீ நம்பினாய். உண்மை தெரியாமலேயே நீ போய்விட்டாய். எனக்கு இப்போது தெரியும். தெரிந்தும் ஒரு பிரயோசனமும் இல்லாமல் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தளவாய்புரத்தில் நாம் சேர்ந்து நைட்டி தைக்கத் தொடங்கிய நாட்களில் நமக்கு விளம்பரம் என்றால் பஸ் ஸ்டாண்டுச் சுவர்தான். நீ துணி வெட்டுவாய், நான் விற்பேன். ராஜபாளையத்திலிருந்து உன் ஸ்கூட்டரில் போவோம். திரும்பும்போது நமக்கு நடுவில் ஒரு பண்டல் உட்கார்ந்திருக்கும். நான் பின்னால் பாதி அந்தரத்தில் வருவேன். நெல்லூர்க்காரர்கள் நைட்டிக்குப் பை வைத்துக் கேட்கிறார்கள் என்று வந்து சொன்னால், “நைட்டிக்குப் பை எதுக்குலே, போட்டுக்கிட்டு சந்தைக்கா போப்போறாக?” என்பாய். ஆனால் பை வைத்துத்தான் தைத்துக் கொடுப்பாய்.

பிறகு வியாபாரம் எல்லாம் போனுக்குள் போனது. மதுரையில் ஒருவர் விளம்பரம் போட்டுத் தருகிறார் என்று அவரிடம் போனோம். அவர் சொன்னது நமக்கு விளங்கவே செத்த நேரம் ஆனது. யாராவது நைட்டி என்று தேடினால் நம் பெயர் மேலே வரும். வந்ததற்குக் காசில்லை; அதை விரலால் தொட்டால்தான் நம்மிடம் காசு எடுப்பார்கள். தொட்டவர் வாங்குகிறாரா, சும்மா பார்த்துவிட்டுப் போகிறாரா என்பது விளம்பரக் கம்பெனிக்குக் கவலையில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நாம் ஒரு தொகை வைக்க வேண்டும். அது தீர்ந்ததும் அன்றைக்கு நம் பெயர் மறைந்துவிடும்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே அந்தத் தொகையைத் தீர்த்தது நம் சபைதான். நீ பெருமை தாங்காமல் போதகரிடம் காட்டிவிட்டாய். அவர் அறிவிப்பு நேரத்தில், “நம்ம சபைப் பிள்ளைங்க விளம்பரம் இப்ப போன்ல வருது. எல்லாரும் பாத்து ஆதரவு குடுங்க” என்று சொல்லிவிட்டார். ஆராதனை முடிந்ததும் சர்ச் வளாகத்தில் நின்று அத்தனை பேரும் அமுக்கினார்கள். ஒருவருக்கு வந்தால் பக்கத்தில் நிற்பவருக்குக் காட்டி, அவருடைய போனிலும் தேடி அமுக்கி, நமக்கு நல்லது செய்கிற சந்தோஷத்தில் வீட்டுக்குப் போனார்கள். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் அன்றைய தொகை காலி. நான் உன்மேல் எரிந்து விழுந்தேன். நீ அலட்டிக்கொள்ளவே இல்லை. “விடுலே. நம்ம பேர நம்ம ஆளுக பாக்கதுக்கு நம்மகிட்டயே காசு வாங்குதான் பாரு, அவன்தாம்லே வியாபாரி” என்றாய்.

பிள்ளைகள் வளர்ந்ததும் தொழிலைப் பிரித்துக்கொண்டோம். அதில் ஒரு சண்டையும் இல்லை. உன் மனைவி எஸ்தரின் பிறந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வீட்டை மாற்றி, அங்கேயே கடை போட்டாய். ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் குடும்பத்தோடு ராஜபாளையத்துக்கு வந்துகொண்டிருந்தாய். இரண்டு பேருக்கும் தனித்தனி விளம்பரம். ஆனால் ஒரே சொல்லுக்குத்தான் இருவரும் விலை கட்ட வேண்டும். நைட்டிக்கு வேறு சொல் ஏது? நீ கூட்டிக் கட்டினால் நீ மேலே, நான் கூட்டிக் கட்டினால் நான் மேலே. அதைக்கூட விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டோம். “இன்னைக்கு உனக்கு மேல நிக்கேன், அண்ணாந்து பாரு” என்று போனில் கூப்பிட்டுச் சொல்வாய்.

அப்புறம்தான் அந்தக் கிளிக்குகள் வந்தன. காலையில் விளம்பரம் ஓடத் தொடங்கும்; பத்து மணிக்குள் அன்றைய தொகை முழுவதும் தீர்ந்துவிடும்; போன் மட்டும் அடிக்காது. இத்தனை பேர் தொட்டிருக்கிறார்கள், ஒருவர்கூட விலை கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? மதுரைக்காரரிடம் கேட்டேன். “இது வேணும்னே பண்றது சார். போட்டிக்காரங்க யாராவது இருக்கும். உங்களுக்குப் போட்டி யாரு?” என்றார். நான் யோசிக்கவே இல்லை. உன் பெயர்தான் வாயில் வந்தது. கம்பெனிக்குப் புகார் எழுதினோம். கொஞ்சம் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், வருத்தம் தெரிவித்தார்கள், தொட்டது யார் என்பதை மட்டும் சொல்ல முடியாது என்றுவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் யாருக்கும் என் விளம்பரம் தெரியாதபடி அடைத்துப் பார்த்தேன். அப்போதும் நிற்கவில்லை. வெளியூரில் ஆள் வைத்துச் செய்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகம் வந்துவிட்டால் புத்தி எப்படியெல்லாம் வேலை செய்கிறது பார்.

போங்கடா நீங்களும் உங்கள் விளம்பரமும் என்று ஒரு தடவை மொத்தமாக நிறுத்தினேன். போனே வரவில்லை. தையலுக்கு வரும் பெண்கள் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார்கள். அதில் ஒரு பெண், “அண்ணாச்சி, வேல வரவரைக்கும் வேற யூனிட்டுக்குப் போகட்டுமா?” என்று பக்குவமாகக் கேட்டாள். மறுபடி போட்டேன். ஓடவிட்டால் எவனோ தின்கிறான், நிறுத்தினால் பட்டினி. எந்தக் கிளிக் எனக்குச் சோறு போடுகிறது, எது திருடுகிறது என்று பிரித்துப் பார்க்கவும் வழியில்லை. தினமும் உன்னைத் திட்டிக்கொண்டே காசைக் கட்டினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் அது வெடித்தது. எனக்கு எதிர் வரிசையில் நீ. இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

“ஏலே, உனக்கு வேற சோலியே இல்லையா? விடிஞ்சு எந்திச்சதும் என் விளம்பரத்தப் போட்டு அமுக்கிக்கிட்டு இருக்க.”

“நானா? நீதாம்லே என்னுத அமுக்குத. பத்து மணிக்குள்ள அம்புட்டும் காலி.”

“நான் சொல்லுததையே எனக்குத் திருப்பிச் சொல்லுத பாத்தியா.”

கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிற இரண்டு ஆம்பிளைகள் எதை அமுக்கியதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று புரியாமல் பந்தியே சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தது. கடைசியில் நீ, “நீ பண்ணலன்னா உன் மக தலைல அடிச்சு சத்தியம் பண்ணு” என்றாய்.

அதை மட்டும் நீ கேட்டிருக்கக் கூடாது. சத்தியம் செய்வது பாவம் என்று சொல்லித்தான் நம் இரண்டு வீட்டிலும் வளர்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சாமி சத்தியம் என்பார்கள். நாம் இருவரும் ‘நெசம்மா’ என்பதோடு நிறுத்திக்கொள்வோம். “சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். பண்ணலன்னா பண்ணல” என்றேன். நீ இலையை மடித்துவிட்டு எழுந்து போனாய். நான் மறுத்தது உனக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. நம் வழக்கம் தெரிந்த நீயே சத்தியம் கேட்கிறாய் என்றால் உன் நெஞ்சில்தான் குற்றம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு சர்ச்சில்கூட நாம் பேசிக்கொள்ளவில்லை. மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு திருவிருந்து வாங்கக் கூடாது என்பதால், அப்பமும் திராட்சை ரசமும் வாங்க எல்லோரும் முன்னே போகும்போது நீ உன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய், நான் உனக்குப் பின்னால் என் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். சபை முழுவதும் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்கும். போதகர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். “அவன மொதல்ல நிறுத்தச் சொல்லுங்கய்யா” என்றேன். நீயும் அச்சடித்த மாதிரி அதையே சொன்னாயாம். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

உனக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று கேள்விப்பட்டேன். வந்து பார்க்க வேண்டும் என்றுதான் நினைப்பேன். காலையில் தொகை தீர்ந்திருப்பதைப் பார்த்ததும் எரிச்சல் வரும். படுக்கையில் கிடந்தும் அடங்கவில்லையே இவன் என்று தோன்றும். அடுத்த வாரம் போகலாம் என்று விட்டுவிடுவேன். அப்படியே ஒருநாள் உன் சாவுச் செய்தி வந்துவிட்டது. அடக்கத்துக்கு வந்தேன். எஸ்தரிடம் பேசத் தைரியம் இல்லாமல், மண் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் என் தொகை தீர்ந்தது. அதற்கு அடுத்த நாளும் தீர்ந்தது. அதே வேகம், அதே நேரம், போனும் அடிக்கவில்லை. வெட்டு மேசையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அது நீ இல்லை. அது என்றைக்குமே நீ இல்லை. மதுரைக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினேன். “ஆளே இருக்காது சார். கிளிக்குக்குக் கமிஷன் கிடைக்கும்னு எங்கயாவது மெஷின் வச்சு ஓட்டுவாங்க. உங்களை யாருன்னே அதுக்குத் தெரியாது” என்றார். இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? உன்னிடம் ஓடி வந்து சொல்ல வேண்டும் போலிருந்தது. ஸ்கூட்டரில் உன் முதுகில் முட்டிக்கொண்டு வந்தவன், நீ படுத்திருந்தபோது ஒரு எட்டு வந்து பார்க்கவில்லை. அழுதேன்.

நீ இல்லாமலும் உன் விளம்பரம் ஓடுகிறதே, உன் கணக்கிலிருந்து தானாகக் காசு போய்க்கொண்டிருக்குமே, எஸ்தருக்கு அது தெரியுமோ என்னவோ என்று போன சனிக்கிழமை கிளம்பினேன். நீ குற்றமற்றவன் என்பதையும் அவளிடம் சொல்லிவிட வேண்டும். புரட்டாசி என்பதால் பஸ் முழுக்க, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம். வழியெல்லாம் நின்றுகொண்டே எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்தேன்.

எஸ்தர் என்னைப் பார்த்ததும் முகம் சுளிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். விளம்பரத்தைப் பற்றிச் சொன்னேன்.

“தெரியும் அண்ணே. நாந்தான் ஓடட்டும்னு விட்டுருக்கேன். நிறுத்துனா ஒரு போனும் வராதுல்லா. அவிய நம்பர இப்ப நாந்தான் வச்சிருக்கேன்” என்றாள்.

நான் அடுத்ததைச் சொல்வதற்குள் அவளே பேசினாள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவியளுக்கு ரொம்ப முடியாமப் போனப்ப போதகர் வீட்டுக்கே வந்து திருவிருந்து குடுத்தாரு. வாங்கதுக்கு முன்னால உங்க பேரச் சொன்னாக. ‘அவன் பண்ணுனத மன்னிச்சிட்டேன், என்ன இருந்தாலும் அவன் என் கூட்டாளி’ன்னாக. பொறவுதான் வாங்குனாக.”

நான் பண்ணலம்மா என்று தொண்டை வரை வந்துவிட்டது. “எஸ்தர், எனக்கும் அப்படித்தான் தினம் போகுது” என்று தொடங்கினேன்.

“அவிய பண்ணல அண்ணே” என்றாள் உடனே.

“தெரியும்மா. இப்பந்தான் தெரிஞ்சது. அவன் போன பொறவும் நிக்கல.”

“இங்கயும் நிக்கலையே அண்ணே” என்றாள். சத்தம் உயரவில்லை. “பத்து மணிக்குள்ள தீந்துருது. பழசு போகட்டும், அவியளே மன்னிச்சிட்டாக. இனிமே வேண்டாம். நான் ஒத்தையா நின்னு பாக்கேன், என்னால தாங்க ஏலாது.”

நீ செத்த பிறகும் கிளிக் நிற்கவில்லை என்பதால் அது நீ இல்லை என்று எனக்குத் தெரிந்தது. நீ செத்த பிறகும் கிளிக் நிற்கவில்லை என்பதால் அது நான்தான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. ஏனென்றால் நான் உயிரோடு இருக்கிறேன். மெஷின் என்று சொன்னால் அவள் நம்புவாளா? நம்பிவிட்டால் அதைவிட மோசம். மூச்சு வாங்கிக்கொண்டு நீ மனதார மன்னித்தது, செய்யாத ஒருவனை என்று ஆகிவிடும். சாகும் வரைக்கும் இல்லாத பகையைச் சுமந்து செத்தான் என் புருஷன் என்று அவள் காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

“சரிம்மா. இனிமே நடக்காது” என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போடப் போனாள்.

ஏலே, என்னை எங்கே கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறாய் பார். செய்யாத ஒன்றை இனிச் செய்ய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதைக் காப்பாற்றுவது என் கையில் இல்லை. எங்கேயோ ஓடுகிற மெஷினுக்கு எஸ்தர் அழுதது தெரியப்போகிறதா? நான் வாக்குக் கொடுத்த பிறகும் தினமும் உன் பெயர் பத்து மணிக்கு மறைந்துகொண்டுதான் இருக்கிறது. நீ கொடுத்த மன்னிப்பு என்னிடம் இருக்கிறது. அதைத் திருப்பித் தரவும் முடியவில்லை, எனக்கென்று வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

நாளை திருவிருந்து ஞாயிறு. எஸ்தர் வருவாள். நீ மன்னித்துவிட்டதால் நானும் முன்னே போய் முழங்கால் போடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. வாக்குக் கொடுத்தும் இவன் அடங்கவில்லையே என்று அவள் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் எப்படிப் பார்ப்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அத்தனை ஞாயிறும் பின் பெஞ்சிலிருந்து நான் உன்னை அப்படித்தான் பார்த்தேன்.